இரவல் வாங்குவதில் வெட்கமென்ன?

(நூலகங்களும் எமது சுற்றாடலும் என்ற பொருளில், லண்டனில் நடைபெற்ற எமது சங்கத்தின் பங்குனி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றாடலைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். மரம் நடுங்கோ, பிளாஸ்ரிக் பையை விடுங்கோ என்று சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டதோ நூலகம். "உதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு அண்ணை வாசலிலேயே மறித்துக் கேட்டுவிட்டார். அவருக்குச் சொல்லும் பதிலாகவே இந்த உரையை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலே எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு வீரகேசரியும் ஒரு ஈழநாடும் வரும். முழுக் குறிச்சிக்கும் அவ்வளவுதான். ஒருவர் நடுப்பக்கத்தைக் கழற்றிக்கொண்டு மதிலில் போய் இருப்பார். மற்றவர் முன்பக்கத்தைப் பலமாக வாசிப்பார், கண் தெரியாத கிழவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பின்னறையிலே கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் கொடுக்கிற கதிரைகள், ஒரு பெரிய கிடாரம், இரண்டு பெற்றோல்மாக்ஸ். கொப்பியில் பெயரை எழுதிப்போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள், கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவருவார்கள். வீட்டுக்கு வீடு கிடாரம் வைத்திருக்க எவரிடமும் வசதி இல்லை. அதற்குச் சுற்றாடல் பாதுகாப்பு என்று யாரும் பெயர் வைக்கவுமில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கோ. சுவரில் ஓட்டை போடுகிற ஒரு டிரில் மெசினை எடுத்துக்கொள்வோம். வருடத்தில் இரண்டு தரம் பாவிக்கிற சாமான் அது. அது குடிக்கிற மின்சாரம் சொற்பம். அதைச் செய்வதற்குத்தான் செம்பு, உருக்கு, பிளாஸ்ரிக், தொழிற்சாலைக்கு எரிபொருள், பிறகு கப்பலுக்கு எண்ணெய் என்று பூமியிலிருந்து பிடுங்கவேண்டி இருக்கிறது. ஒரு தெருவில் நாற்பது வீடு, நாற்பது டிரில் என்றால் நாற்பது தரம் பிடுங்குகிறோம். ஒன்றை வைத்து நாற்பது வீடும் பாவித்தால் மிச்சம் முப்பத்தொன்பதும் செய்யவே தேவையில்லை. நூலகம் என்பது இந்தக் கணக்கைப் புத்தகத்துக்குச் செய்கிற இடம். ஒரு பிரதியை நூறு பேர் வாசிக்கிறார்கள்.

புத்தகத்துக்குச் செய்வதை மற்றச் சாமானுக்கும் செய்தால் என்ன என்று யோசித்தவர்களும் இந்த நகரத்திலேயே இருக்கிறார்கள். 2014 இல் தென்லண்டனில், மேற்கு நோர்வூட் நூலகத்திலே சிலர் 'பொருட்களின் நூலகம்' என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். டிரில், கார்ப்பெற் கழுவும் மெசின், கூடாரம், தையல் மெசின் எல்லாம் இரவல். 2018 இல் அது கிறிஸ்ரல் பலஸ் பக்கம் உள்ள அப்பர் நோர்வூட் நூலகக் கட்டடத்துக்குப் போனது. பிறகு லண்டனின் வேறு இடங்களுக்கும் பரவியது. சிறு வாடகை எடுப்பார்கள். எங்கள் சனசமூக நிலையத்துக் கொப்பிக்குப் பதிலாக அவர்களிடம் கம்பியூட்டர், வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை மனம்விட்டுச் சொல்லவேண்டும். எங்கள் சனத்துக்கு இங்கே இரவல் என்றால் வெட்கம். ஒரு வீட்டில் கார்ப்பெற் மெசின் வாங்கினால் அடுத்த வீட்டிலும் வாங்கவேண்டும். கராச்சுக்குள் கார் நிற்கிற வீடு எத்தனை? உடுத்த உடுப்போடு வந்தவனுக்கு "இது என்ரை" என்று சொல்ல நாலு சாமான் தேவைப்படுகிறது. அந்த மனதை நான் குறைசொல்லமாட்டேன், எனக்கும் அது உண்டு. ஆனால் வந்து முப்பது நாற்பது வருடமாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் பெட்டி உடைக்காத சாமானை ஸ்கிப்பிலே கொண்டுபோய் எறிகிறார்கள்.

அடுத்தது வெயில். லண்டனுக்கு வெயில் ஒரு பிரச்சினையா என்று முன்பு சிரித்திருப்போம். 2022 யூலை 19 ஆம் திகதி ஹீத்ரோவில் 40.2 பாகை. அன்று கிழக்கு லண்டன் ஓரத்திலே வெனிங்டனில் வீடுகள் எரிந்து விழுந்தன. இங்கத்தைய வீடுகள் சூட்டைப் பிடித்து வைக்கக் கட்டியவை. மாடிக் குடியிருப்பிலே தனியே இருக்கும் ஒரு வயோதிப அம்மாவை நினைத்துப் பாருங்கள். அந்த வருடக் கோடையில் லண்டன் மாநகர நிர்வாகம் வெளியிட்ட 'குளிர்வான இடங்கள்' வரைபடத்தில் நூலகங்களும் இருந்தன. அதே வருடம் மாரியில், எரிவாயு பில் ஏறிய நேரம், நாடெங்கும் நூலகங்கள் 'கதகதப்பான இடங்கள்' என்று கதவைத் திறந்துவிட்டன. இருபது முதியவர்கள் இருபது அறைகளில் இருபது ஹீற்றரைப் போடுவதும், ஒரே மண்டபத்தில் ஒரு சூட்டில் இருந்து பேப்பர் வாசிப்பதும் ஒன்றல்ல. எரிபொருளும் மிச்சம், கதைக்க ஆளும் கிடைக்கும்.

"அது வெள்ளைக்காரரின்ரை இடம், நாங்கள் போய் என்ன செய்கிறது?" என்று கேட்கிற அம்மாமார் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தமிழரைப் பற்றிச் சொல்கிறேன். சீர்காழியைச் சேர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்தவர். 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, அதே வருடம் இங்கே யூனிவேர்சிற்றி கல்லூரிக்குப் படிக்க வந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராய் அமைந்தவர் பேர்விக் சேயர்ஸ், குரொய்டன் நூலகங்களின் தலைமை நூலகர். ஏழை, பணக்காரர், குழந்தை, தொழிலாளி எல்லோரும் ஒரே கதவால் உள்ளே போவதை அவர் இந்த நாட்டு நூலகங்களில் பார்த்தார். ஊர் திரும்பி, 1931 இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பாவிப்பதற்கே என்பதுதான் முதலாவதன் சாரம். உலகமெல்லாம் நூலகர்கள் அதைப் படிக்கிறார்கள். எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் கட்டப்பட்டபோதும் அவருடைய ஆலோசனை பெறப்பட்டது. குரொய்டனில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியுமோ தெரியாது.

அந்த நூலகத்துக்கு 1981 இல் நடந்தது இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். இங்கே யாரும் எரிப்பதில்லை, வரவுசெலவுக் கணக்குப் பார்த்து மூடுகிறார்கள். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மூடிய கதவும் மூடிய கதவுதான். எங்கள் சனம் நிறைந்த பிறென்ற் பகுதியில் 2011 இல் பன்னிரண்டு நூலகங்களில் ஆறை மூடினார்கள். 1900 இல் மார்க் ருவெய்ன் என்ற அமெரிக்க எழுத்தாளர் வந்து திறந்துவைத்த கென்சல் றைஸ் நூலகமும் அதில் ஒன்று. சனம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கவுன்சில் நூலகச் சேவை நடத்தியே ஆகவேண்டும் என்று 1964 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, எத்தனை கிளை என்று சொல்லவில்லை. மூடியபின் நடந்து போனவர் பஸ்ஸில் போவார், பஸ்ஸில் போனவர் காரில் போவார், மிச்சப்பேர் போகவே மாட்டார்கள். மூடுவதற்கு முன் அவர்கள் பார்ப்பது எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது என்ற கணக்கை. தமிழ்ப் புத்தக அலுமாரிக்கும் அதே கணக்குத்தான். நாங்கள் தொடாத புத்தகத்தை அவர்கள் ஏன் வைத்திருக்கவேண்டும்?

இனி விதை. இது தாய்மாருக்குப் பிடித்த விடயம். இந்த நாட்டில் சில நூலகங்கள் விதையையும் இரவல் கொடுக்கின்றன. வசந்தத்தில் ஒரு பொட்டலம் எடுத்து நட்டு, இலையுதிர் காலத்தில் உங்கள் விளைச்சலில் கொஞ்ச விதையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எங்கள் சங்கத்து அக்கா ஒருவர் அலொட்மென்ற் தோட்டத்தில் போஞ்சி, தக்காளி, வெந்தயக்கீரை எல்லாம் போடுகிறார், விதையும் எடுக்கிறார். போஞ்சி செடியிலேயே காய்ந்து கலகலக்கும்வரை விடவேண்டும். தக்காளி விதையை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் புளிக்க விட்டுக் கழுவிக் காயவைக்கவேண்டும். இவை தாய்ச்செடி மாதிரியே முளைக்கும். பூசணியை மட்டும் நம்பவேண்டாம், தேனீ பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். கடையில் எஃப்-1 என்று போட்ட பைக்கற் விதையும் அடுத்த தலைமுறைக்கு உதவாது. ஊரிலிருந்து சூட்கேசுக்குள் ஒளித்துக் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு சொல்: தாவரநலச் சான்றிதழ் இல்லாமல் விதை கொண்டுவருவது சட்டப்படி பிழை, நோயும் சேர்ந்து வரும். இந்தக் குளிரிலேயே நாலைந்து தலைமுறை விளைந்த விதைதான் எங்களுக்குப் பெறுமதி. கடைசி உறைபனி சித்திரை கழிந்தும் வரும், ஆகையால் கன்றுகளை வைகாசி நடுப்பகுதிவரை ஜன்னலோரத்திலேயே வைத்திருங்கோ.

சங்கச் செயற்குழு இரண்டு காரியம் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறது. எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மேசை ஒன்று கேட்டு, தமிழில் விதைப் பரிமாற்றம் வைப்பது. அதே நாளில், பழுதான அயன்பொக்ஸ், மிக்சி, தையல் மெசின் திருத்தத் தெரிந்த எங்கள் ஐயாமார் நாலு பேரை இருத்துவது. திருத்துகிற கை எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கிறது, சும்மா இருந்து ரீவி பார்க்கிறது.

நூலக உறுப்புரிமைப் படிவங்கள் தேநீர் மேசையில் இருக்கின்றன. காசு இல்லை. லண்டனின் பல கவுன்சில்கள் தங்கள் நூல்களை ஒரே பட்டியலில் சேர்த்திருப்பதால், உங்கள் கிளையில் இல்லாத தமிழ்ப் புத்தகத்தையும் கேட்டு எடுப்பிக்கலாம். விதை தருகிறவர்கள் கடித உறையில் போட்டு, என்ன விதை, எந்த வருடத்து விதை என்று வெளியே எழுதித் தாருங்கோ. போனமுறை மாதிரி ரிஷுவில் சுற்றித் தந்தால் கத்தரி எது, மிளகாய் எது என்று கடவுளுக்கும் தெரியாது.