சிரிப்புக்கு வயதில்லை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டை முன்னிட்டு ஆலங்குடாவில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹொலிவூட்டின் பழைய நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் எங்கள் செயலாளர் சிரித்துவிட்டார். நூற்றாண்டு விழாவில் கல்லூரியின் வரலாறு, பெண் கல்வி, நாளைய சவால்கள் என்று பேசுவதுதான் வழக்கம். அவற்றைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது சிரிப்பு. "பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். புகையிலை விளையும் மண்ணில் பிறந்து, புகையிலை விளையும் இன்னொரு மண்ணில் வந்து குடியேறியவர்களுக்கு இந்தப் பழமொழியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பதும் ஒரு கல்விதான் என்று சொல்லவே இன்று வந்தேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் அதிகம். பெரும்பாலானோர் இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் இந்த மணல் நிலத்தில், கிடுகுக் கொட்டில்களில், எங்கள் இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. கல்லூரிச் சீருடையோடு வந்த பிள்ளைகளும் எங்களில் இருந்தார்கள்.

அடுத்த வருடம் ஓர் இரவு, பொடியன்மார் சிலர் ஒரு ரி.வி.யையும் வீடியோ டெக்கையும் ஜெனரேற்றரோடு வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ்ப்படம் என்று ஓடிவந்து உட்கார்ந்தோம். போட்டது சார்ளி சப்ளினின் 'த கோல்ட் ரஷ்'. 1925இல் வந்த மௌனப் படம். பனிப் புயலில் சிக்கிய இரண்டு பேர், ஒரு மரக் குடில், பசி. சப்ளின் தன் சப்பாத்தையே பானையில் போட்டு அவிக்கிறார். பக்குவம் பார்த்து எடுத்து, தட்டில் வைத்து, ஆணிகளை எலும்பு போலச் சூப்புகிறார். சப்பாத்துக் கயிற்றை இடியப்பம் போலச் சுற்றிச் சாப்பிடுகிறார். எனக்குப் பின்னால் இருந்த ஒரு மூத்தம்மா சத்தமாகச் சொன்னார்: "எங்கட நிவாரண அரிசியை விட அந்தச் சப்பாத்து நல்லா அவிஞ்சிருக்கு புள்ள!"

முகாமே சிரித்தது. வந்த நாளிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை அங்கே நான் கேட்டதில்லை.

அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அந்தக் காட்சிக்குப் பின்னால் ஓர் உண்மைக் கதை உண்டு. 1846இல் அமெரிக்காவின் மேற்குக்குக் குடிபெயர்ந்த ஒரு கூட்டம் மலைப் பனியில் சிக்கி, அவர்களில் பலர் பட்டினியில் மாண்டார்கள். அந்த வரலாற்றைப் படித்துத்தான் சப்ளின் இந்தக் காட்சியை உருவாக்கினார். படத்தில் சாப்பிட்ட சப்பாத்து அதிமதுர மிட்டாயால் செய்தது. ஆனால் பசி அவருக்குப் புதிதல்ல. 1889இல் இலண்டனில் பிறந்தவர், ஏழு வயதிலேயே ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டவர். தாய் ஹன்னா மனநோயால் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர். அந்தத் தாய்தான் ஜன்னலருகே நின்று, தெருவில் போவோர் வருவோரைப் போல நடித்துக் காட்டி, மகனுக்கு மனிதரைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார். உலகமே சிரித்த அந்த நடிப்புக்கு முதல் ஆசிரியை ஒரு தாய் என்பதைப் பெண்கள் கல்லூரி மேடையில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

அந்தக் காட்சியில் சப்ளின் பசியைக் கேலி செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். சப்பாத்தைத் தின்னும்போதும் மேசை ஒழுங்கை அவர் கைவிடவில்லை. அதைத்தான் எங்கள் மூத்தம்மா கண்டுகொண்டார். கொட்டிலுக்கு விருந்தாளி வந்தால் பக்கத்துக் கொட்டிலில் கோப்பையும் பீரிசும் இரவல் வாங்கித் தேத்தண்ணி கொடுத்தவர்கள் நாங்கள். எல்லாம் போன பிறகும் மரியாதையை விடாதவர்கள் திரையில் ஒருவரைப் பார்த்தால் தங்கள் ஆள் என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். அவர் 1932இல் உலகப் பயணத்தின்போது இலங்கைக்கு வந்து கண்டியைப் பார்த்துப் போனவர். ஆனால் எங்களுக்கு அவர் உண்மையில் வந்து சேர்ந்தது அந்த முகாம் இரவில்தான்.

இந்தப் படங்கள் பழசாகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம், அவற்றில் ஆபத்து உண்மையானது. 1928இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகச் சரிந்து பஸ்டர் கீற்றன்மேல் விழுகிறது. மேல்மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் நின்ற இடத்தில் வருவதால் தப்புகிறார். அங்கே கணினி வித்தை கிடையாது. சில அங்குலம் விலகி நின்றிருந்தால் ஆள் முடிந்திருப்பார். ஹரோல்ட் லொயிட் 1923இல் 'சேஃப்டி லாஸ்ட்' படத்தில் கட்டடத்தின் உச்சியில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கினாரே, அந்த வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லை. 1919இல் நடந்த ஒரு வெடி விபத்தில் இழந்தவர். அதை மறைக்கக் கையுறை போட்டுக்கொண்டு நடித்தார். நாங்கள் சிரிக்கும்போதே வயிற்றுக்குள் ஒரு பயம் ஓடுகிறதல்லவா, அது இதனால்தான்.

லோரலும் ஹார்டியும் 'த மியூசிக் பொக்ஸ்' படத்தில் பியானோ ஒன்றை நீண்ட படிக்கட்டில் ஏற்றுகிறார்கள். ஏற்ற ஏற்ற அது உருண்டு கீழே வருகிறது. மறுபடியும் ஏற்றுகிறார்கள். 1932இல் வந்த அந்தக் குறும்படம் ஒஸ்கார் விருது பெற்றது. மூன்று தரம் வீடு மாறியவர்களுக்கு, கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு ஓர் அலுமாரியைக் கொண்டுபோனவர்களுக்கு, அந்தப் பியானோவைத் தெரியும்.

பேச்சுப் படங்களிலும் எங்களுக்குப் பங்குண்டு. பில்லி வைல்டர் பேர்லினில் திரைக்கதை எழுதியவர். யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பாரிஸுக்குத் தப்பி, பிறகு அமெரிக்கா சேர்ந்தார். பின்னால் தங்கிய தாயை நாஸிகளுக்குப் பலிகொடுத்தார். அவர் 1959இல் எடுத்த 'சம் லைக் இட் ஹொட்' என்ன கதை? ஒரு கொலையைக் கண்டுவிட்ட இரண்டு வாத்தியக்காரர் உயிருக்குப் பயந்து பெண் வேடம் போட்டு ரயிலேறுகிறார்கள். ஊரைவிட்டு ஓடிய ஒருவர்தான் ஓடுவதை இவ்வளவு பகிடியாகச் சொன்னார்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1934இல் வந்த 'இட் ஹப்பண்ட் வன் நைட்' படத்தில் குளோடெட் கோல்பெர்ட்டும், 1938இல் 'பிரிங்கிங் அப் பேபி'யில் கதரின் ஹெப்பேர்னும் கதாநாயகனுக்குச் சரிக்குச் சரி வாயாடுகிறார்கள். கேலி செய்யப்படுவதற்காக மட்டும் அவர்கள் படத்தில் இல்லை. கேலியைத் தொடங்கி வைப்பவர்களும் அவர்களே. அதேநேரம் கறுப்பின மக்களை இழிவாகக் காட்டிய காட்சிகளும் அக்காலப் படங்களில் நிறைய உண்டு. பிள்ளைகளோடு பார்க்கும்போது அந்த இடங்களில் நிறுத்திப் பேசுங்கள். எதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதும் எங்கள் வேலை.

எங்கள் வீட்டிலும் இந்தச் செல்வம் இருந்தது. 'கல்யாணப் பரிசு' தங்கவேலுவை ஒலிச்சித்திரமாகவே கேட்டுச் சிரித்தவர்கள் இங்கே எத்தனை பேர்? இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' நினைவிருக்கிறதா? அது 1976இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. அதில் முஸ்லிம் மரிக்காராக நடித்தவர் ராமதாஸ். ஐயராக நடித்தவர் அப்துல் ஹமீட். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியும் சிங்களத்து உபாலியும் கூடவே இருந்தார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் பேசிக் காட்டி, யாரும் புண்படாமல் நாடே சிரித்த காலம் அது. பிறகு நடந்தவற்றை நினைக்கும்போது, அந்தச் சிரிப்பை எவ்வளவு மலிவாக இழந்தோம் என்று தோன்றுகிறது.

1941இல் பிரஸ்டன் ஸ்டேர்ஜஸ் எடுத்த 'சலிவன்ஸ் டிரவல்ஸ்' படத்தைச் சொல்லி முடிக்கிறேன். பகிடிப் படம் எடுத்துப் பெயர்பெற்ற ஓர் இயக்குநர், ஏழைகளின் துயரத்தைப் பற்றி ஒரு கனமான படம் எடுக்க விரும்பி ஏழை வேடத்தில் புறப்படுகிறார். விதி அவரைக் கைதிகள் முகாமில் கொண்டுபோய்ப் போடுகிறது. ஒரு நாள் கைதிகளை ஒரு சிறு தேவாலயத்துக்கு அழைத்துப்போய்க் கார்ட்டூன் காட்டுகிறார்கள். சங்கிலியோடு இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவரும் சிரிக்கிறார். வேறெதுவும் இல்லாத மனிதருக்குச் சிரிப்பு எவ்வளவு பெரிய உடைமை என்று அப்போதுதான் அவருக்கு விளங்குகிறது. அந்தப் படத்தை நான் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். எங்கள் கிடுகுக் கொட்டில்களை அதில் கண்டேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் நிதியில் கணினிகளும் நூல்களும் வாங்குகிறோம், நல்லது. அதோடு, எங்கள் கிளை கூடும் இடமெல்லாம் தவணைக்கு ஒரு தரமாவது பிள்ளைகளோடும் தாய்மாரோடும் இந்தப் படங்களில் ஒன்றைப் போட்டுக் காட்டுவோம். மௌனப் படத்துக்கு மொழி தேவையில்லை. சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளையும் கூப்பிடலாம். கனடாவில், இலண்டனில், கொழும்பில் இருக்கும் அக்காமார் பேரப்பிள்ளைகளோடு அதே படத்தை அதே வாரம் பார்க்கட்டும். எங்கெங்கோ சிதறிப்போன ஒரு வகுப்பு, ஒரே இடத்தில் ஒன்றாகச் சிரிக்கும்.

அந்த மூத்தம்மா மௌத்தாகிவிட்டார். மீள்குடியேற்றம் என்று பேச்சு வந்தபோது அவர் ஊருக்குப் போகவில்லை. அடக்கம் செய்ததும் இந்த மணலில்தான். அவருடைய பேத்திகள் இருவர் இன்று இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கிறார்கள். இவ்வளவு நேரமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். பிள்ளைகளே, கையை எடுங்கள்.