எழுதப்பட்ட மஹரும் கொடுக்கப்பட்ட மஹரும்



அன்பார்ந்த பெற்றோர்களே, இளைஞர்களே, யுவதிகளே!

திருமணப் பேச்சு நடைபெறும் வீடுகளில் மண்டபம், விருந்து, ஆடை அணிகலன் பற்றியெல்லாம் நாட்கணக்கில் பேசுகின்றோம். மஹர் பற்றிய பேச்சோ பதிவுப் புத்தகத்தில் ஒப்பமிடும் வேளையில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பாரசீக முஸ்லிம்கள் மஹரை எவ்வாறு எழுதி வைத்தார்கள் என்பதை இன்று சற்று நோக்குவோம்.

கஜார் வம்சத்தினர் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1925 வரை ஈரானை ஆண்டனர். அக்கால நிகாஹ் ஒப்பந்தங்கள் பல இன்றும் பேணப்பட்டு வருகின்றன. வசதி படைத்தோரின் ஒப்பந்தங்கள் பொன்னாலும் பூவேலைப்பாட்டாலும் அலங்கரிக்கப்பட்டவை. இறைபுகழுடன் தொடங்கி, மணமக்களையும் அவர்தம் தந்தையரையும் குறிப்பிட்ட பின், மஹர் விபரமாக எழுதப்படும். அல்குர்ஆன் பிரதியொன்று, இத்தனை தூமான் பணம், நகை, காணியில் அல்லது வீட்டில் பங்கு என ஒவ்வொன்றும் தனித்தனியே இடம்பெறும். ஒரு சொத்தை ஆறு 'தாங்' பங்குகளாகக் கணக்கிடுவது அந்நாட்டு வழக்கம். மூன்று தாங் என எழுதப்பட்டால் வீட்டின் சரிபாதி மனைவிக்குரியது.

அன்றைய பாரசீகப் பத்திரங்களில் இன்னுமொரு நுட்பம் உண்டு. நூறு தூமான் என்று எழுதினால், "இதன் பாதி ஐம்பது தூமான்" என்றும் சேர்த்து எழுதுவார்கள். பின்னர் எவரேனும் தொகையைத் திருத்தினால், பாதித்தொகை அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓரங்களில் உலமாக்களும் சாட்சிகளும் முத்திரையிடுவார்கள்.

மணமகள் தாய்வீட்டிலிருந்து கொண்டுசெல்லும் கம்பளம், படுக்கை, செப்புப் பாத்திரம், விளக்கு முதலியவற்றுக்கும் பட்டியல் எழுதப்பட்டது. கணவனின் வீட்டில் இருந்தபோதிலும் அவை மனைவியின் உடைமையே. பிரிவு நேர்ந்தால் அவற்றை அவள் மீளப் பெறுவதற்கு அப்பட்டியலே சான்றாயிற்று.

நேயர்களே! கடனை எழுதிக்கொள்ளுமாறு ஸூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம் பணிக்கிறது. பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுக்குமாறு ஸூரத்துன் நிஸாவின் 4 ஆம் வசனம் கட்டளையிடுகிறது. கொடுக்கப்படாத மஹர் கணவன் மீதுள்ள கடனாகும். அவன் மரணித்தால் அக்கடனைத் தீர்த்த பின்னரே வாரிசுகள் சொத்தைப் பங்கிடலாம். எனவே, எத்துணை அழகாக எழுதப்பட்டாலும், கையில் சேராத மஹர் நிறைவேறாத வாக்குறுதியாகவே எஞ்சிநிற்கும்.

நமது நாட்டின் 1951 ஆம் ஆண்டு 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலிக்குத் தந்த வரைவிலக்கணத்தையும் இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். மணமகனிடம் வழங்கப்பட்டாலும், அது மணமகளின் பயன்பாட்டுக்கானது என்றே அச்சட்டம் கூறியது. பெண் வீட்டாரிடம் பணத்தைப் பெற்றுத் தனதாக்கிக்கொள்ளும் இளைஞன் இதனைச் சிந்திக்கட்டும். இலட்சங்களை வாங்கிக்கொண்டு, சில ஆயிரங்களை மஹராக எழுதுவது நீதியாகுமா?

பெற்றோர்களே! மகளுக்கு நீங்கள் கொடுப்பதைச் சாட்சிகளுடன் அவள் பெயரில் எழுதுங்கள். "எழுதச் சொன்னால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?" எனத் தயங்காதீர்கள். நல்லெண்ணம் உள்ளவரை எழுத்து புண்படுத்தாது. இளைஞர்களே! உங்களால் இயன்ற மஹரைச் சொல்லுங்கள். சொன்னதை அவளது கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

உரியவருக்கு உரியதைக் கொடுக்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.