இழை அறுந்த ஊர்

ஒரு சிலந்தி வலை பின்னுகிறது. நகரத்து மனிதர் ஒவ்வொருவரும் முகம் தெரியாத எத்தனையோ பேரின் உழைப்பை நம்பியே வாழ்கிறார் என்று பின்னணியில் ஒரு குரல் நிதானமாகச் சொல்கிறது. ‘த்ரெட்ஸ்’ என்ற தொலைக்காட்சிப் படத்தின் தொடக்கம் இது. த்ரெட்ஸ் என்றால் இழைகள். 1984 செப்டம்பர் 23 ஞாயிற்றுக்கிழமை இரவு, பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் முதன்முதலாக ஒளிபரப்பானது. அணு ஆயுதப் போர் பற்றி எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன; இந்த அளவுக்குப் பார்த்தவர் மனத்தை உலுக்கியது அநேகமாக வேறில்லை.

வட இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடக்கும் இந்தக் கதையை எழுதியவர் பாரி ஹைன்ஸ். பார்ன்ஸ்லிக்குப் பக்கத்துச் சுரங்க ஊரில் பிறந்தவர், சுரங்கத் தொழிலாளியின் மகன். இயக்கிய மிக் ஜாக்சன், லண்டன் மீது ஒரேயொரு குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதை 1982-இல் அறிவியல் ஆவணப்படமாக எடுத்தவர். ஒருவருக்கு அந்த மண்ணின் பேச்சு தெரியும், மற்றவருக்குக் குண்டின் கணக்கு தெரியும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் படத்தின் பலம்.

அது பிரிட்டன் அச்சத்தில் இருந்த காலம். 1983 நவம்பரில் அமெரிக்காவின் க்ரூஸ் ஏவுகணைகள் கிரீன்ஹாம் காமன் தளத்துக்கு வந்து இறங்கின; தளத்தின் வேலியோரம் பெண்கள் முகாமிட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்து அதற்குள் பதினான்கு நாள் இருந்தால் பிழைக்கலாம் என்று அரசின் கையேடு சொல்லிக்கொண்டிருந்தது. படத்தில் ஒரு குடும்பம் அப்படியே கதவுகளைக் கழற்றி, மெத்தைகளை அடுக்குகிறது. அந்தக் கையேட்டின் மீது இதைவிடக் கடுமையான விமர்சனம் இருக்க முடியாது.

கதை எளிமையானது. ரூத், ஜிம்மி என்று இரண்டு இளைஞர்கள். ரூத் கருவுற்றிருக்கிறாள், கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுக்கிறார்கள், குடிபோகும் வீட்டில் சுவர்க் காகிதம் உரிக்கிறார்கள். ஈரானில் வல்லரசுகள் மோதும் செய்தி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் சரியாகக் காதுகொடுப்பதில்லை. பிறகு கடைகளில் சாமான்களுக்கு அடிதடி, சாலைகளில் நெரிசல். மே மாதத்தில் ஒரு நாள் காலை குண்டு விழுகிறது. படிக்கட்டோரத்துப் பால் புட்டிகள் உருகி வழிகின்றன. ஜிம்மி அதற்குப் பிறகு வரவே இல்லை. அவன் என்ன ஆனான் என்று படம் சொல்லாது; ரூத்துக்கும் தெரியாது.

வேறு படமாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும். இந்தப் படம் இங்கிருந்துதான் உண்மையில் தொடங்குகிறது. தட்டச்சு எழுத்துகள் திரையில் வந்து கணக்குச் சொல்கின்றன: இரு தரப்பும் வீசியது 3,000 மெகாடன், பிரிட்டன் மீது மட்டும் 210. நகர மண்டபத்தின் அடித்தளத்தில் கூடிய அவசரக் குழு, உணவை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று தொலைபேசியில் சச்சரவு செய்கிறது. மேலே கட்டடம் இடிந்து மூடிக் கிடக்கிறது. பல வாரங்கள் கழித்துத் தோண்டிப் பார்க்கும்போது அத்தனை பேரும் இறந்திருக்கிறார்கள். மருத்துவமனையில் மயக்க மருந்து தீர்ந்துபோய், வாயில் துணியைக் கொடுத்துக் காலை அறுக்கிறார்கள். பணம் செல்லாக்காசாகிறது, சோறுதான் நாணயம். செத்த எலி விலைபோகிறது.

புகையும் தூசியும் சூரியனை மறைக்க, பயிர்கள் அழிகின்றன. அணுக் குளிர்காலம் என்ற இந்தக் கருத்தை கார்ல் சேகன் உள்ளிட்ட விஞ்ஞானிகள் 1983-இல்தான் வெளியிட்டிருந்தார்கள். அதைத் தொலைக்காட்சி நாடகத்தில் இவ்வளவு விரிவாகக் காட்டியதில் இந்தப் படம் முன்னோடி. சில ஆண்டுகளில் பிரிட்டனின் மக்கள்தொகை இடைக்கால அளவுக்கு, 40 லட்சத்திலிருந்து 1 கோடியே 10 லட்சத்துக்குள், சுருங்கிவிடும் என்கிறது படம்.

எல்லாவற்றையும்விட நெஞ்சை அழுத்துவது மொழியின் சாவு. ரூத் தன்னந்தனியாக ஒரு தொழுவத்தில் பெற்றெடுத்த மகள் ஜேன், பத்து வயதிலும் ஒற்றைச் சொற்களில்தான் பேசுகிறாள். கண்புரை விழுந்து, இளமையிலேயே கிழவியாகி ரூத் இறக்கும்போது, அழக்கூட அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. வேலைக்கு எழுந்திரு என்று உசுப்புகிறாள். பாடம் நடத்த மிஞ்சியது தேய்ந்துபோன ஒரு ஒளிநாடா. குழந்தைகள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் அதைப் பார்க்கிறார்கள். பிறகு உட்கார்ந்து, பழைய துணியிலிருந்து நூலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறார்கள். படத்தின் தலைப்பு அந்தக் கைகளில் வந்து நிற்கிறது.

கடைசிக் காட்சியில் ஜேனும் ஒரு குழந்தை பெறுகிறாள். துணியில் சுற்றிக் கொடுத்ததை அவள் பார்க்கிறாள், வாய் திறக்கிறது, அலறல் வெளிவருமுன் படம் உறைந்து நின்றுவிடுகிறது.

‘த்ரெட்ஸ்’ வருவதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிபிசிக்காகப் பீட்டர் வாட்கின்ஸ் ‘தி வார் கேம்’ என்ற படத்தை எடுத்திருந்தார். அணுகுண்டு விழுந்த பிரிட்டனைக் காட்டிய அந்த 1965-ஆம் ஆண்டுப் படம், பொதுமக்கள் தாங்கமாட்டார்கள் என்று நிறுத்திவைக்கப்பட்டது. ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தும் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அதற்கு இடமில்லை. ஹிரோஷிமாவின் நாற்பதாம் ஆண்டு நினைவையொட்டி, 1985 கோடையில், ‘த்ரெட்ஸ்’ மறு ஒளிபரப்பான அதே வாரத்தில்தான் அதுவும் முதன்முதலாக மக்கள் வீடுகளுக்குள் வந்தது.