கடல் நடுவே எண்ணெய் எடுக்கப் போகிறவருக்கு

கடலுக்குள் எண்ணெய் மேடையில் வேலை என்று பேச்செடுத்தால் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் உடனே வந்துவிடும். சம்பளம் எவ்வளவு? உடம்பு தாங்குமா? முதல் கேள்விக்கு நிறுவனம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு மருத்துவர் சொல்வார். யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. மேலதிகாரி அவசரப்படுத்துகிறார், கூட இருப்பவர்கள் எல்லாரும் சரியென்று தலையாட்டுகிறார்கள், அந்த நேரத்தில் "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று வேலைக்குப் போன நம் பிள்ளை வாய் திறக்குமா? ரிக் வேலைக்கு வேண்டிய குணங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். காரணங்களை உங்கள் முன் வைக்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே தீர்மானியுங்கள்.

உடல்வலுவும் பொறுமையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மும்பை ஹை. 1974இல் 'சாகர் சாம்ராட்' துரப்பண மேடை அங்கே எண்ணெய் கண்டது முதல், நம் நாட்டின் கடல் எண்ணெய்க்கு அதுவே தாய்வயல். அங்கே 12 மணி நேர ஷிஃப்ட், 14 நாள் கடலில், 14 நாள் கரையில் என்று வாழ்க்கை ஓடுகிறது. வீட்டில் திருமணம் என்றாலும் சாவு என்றாலும் நினைத்த நேரத்தில் கிளம்பி வர முடியாது. ஒரே அறையில் இன்னொருவருடைய குறட்டையோடும் கோபத்தோடும் குடித்தனம் நடத்த வேண்டும். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிப்பதற்கு, ஒரு கூண்டில் உட்கார வைத்து நீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்துப் பயிற்சி கொடுப்பார்கள். இவை எல்லாம் கடினம்தான். ஆனால் பழக்கத்தால் வரக்கூடியவை. பயிற்சி நிலையத்தில் கற்றுத்தர முடியும், பழகாதவர்களை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிடவும் முடியும். வாய் திறக்காதவரை மட்டும் எந்தப் பரிசோதனையும் முன்கூட்டிக் காட்டிக்கொடுப்பதில்லை.

வாய் திறக்காததன் விலை என்ன என்று பாருங்கள். வட கடலில், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே இருந்தது பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6 அன்று பகலில் அங்கே இரண்டு பம்புகளில் ஒன்றை நிறுத்தி, அதன் பாதுகாப்பு வால்வைப் பரிசோதனைக்காகக் கழற்றினார்கள். மாலை 6 மணிக்குள் வேலை முடியவில்லை. திறந்து கிடந்த குழாய் வாயை ஓர் இரும்புத் தட்டால் மூடினார்கள், ஆனால் வாயு கசியாத அளவுக்கு அது இறுக்கப்படவில்லை. வால்வு வேலைக்கான அனுமதிச் சீட்டோடு கட்டுப்பாட்டு அறைக்கு வந்த மேற்பார்வையாளர், ஷிஃப்ட் மாறும் பரபரப்பில் பொறுப்பாளர் வேறு பேச்சில் இருந்ததைப் பார்த்து, சீட்டை அங்கே விட்டுப் போனார். இரவு ஷிஃப்ட்டுக்கு அந்தச் செய்தி வாய்மொழியாகப் போய்ச் சேரவே இல்லை. இரவு 9.45 அளவில் இரண்டாவது பம்பு நின்றது. அது ஓடாவிட்டால் மேடையின் மின்சாரமே போய்விடும் என்ற நிலை. பகலில் நிறுத்திய பம்பை ஓட்டினார்கள். 10 மணிக்கு முதல் வெடிப்பு. 167 பேர் மாண்டார்கள், 61 பேர் பிழைத்தார்கள். அன்று அந்த அறையில் யாரும் கோழையாகவோ சோம்பேறியாகவோ இருக்கவில்லை. "ஐயா, ஒரு நிமிஷம், இதைக் கேளுங்கள்" என்று குறுக்கே புகுந்து சொல்லும் வழக்கமும், "வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று தோண்டிக் கேட்கும் வழக்கமும் அந்த மேடையில் தேய்ந்து போயிருந்தன. தேய்ந்தது ஒரு நாளில் அல்ல. அனுமதிச் சீட்டு முறை நெடுநாளாகவே விதிப்படி நடக்கவில்லை என்று விசாரணை நடத்திய கல்லன் பிரபு எழுதினார்.

சந்தேகம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது என்று பைப்பர் ஆல்ஃபாவைப் பற்றிச் சொல்லலாம். மெக்சிகோ வளைகுடாவில் 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துரப்பண ரிக்கில் சந்தேகம் எல்லார் கண் முன்னாலும் அளவுமானியில் நின்றது. கிணறு சரியாக அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையில் முள் பூஜ்யத்தில் நின்றிருக்க வேண்டும். துரப்பணக் குழாயில் 1,400 பிஎஸ்ஐ காட்டியது. கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். அதற்கு ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. இன்னொரு குழாயில் அழுத்தம் இல்லை என்பதை வைத்துச் சோதனை வெற்றி என்று முடிவு கட்டினார்கள். அந்த விளக்கம் செல்லாது என்பதைப் பிறகு அமெரிக்க விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. அன்று இரவே 11 உயிர் போயிற்று, 87 நாள் கடலில் எண்ணெய் கொட்டியது. இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று: கேட்டால் போதாது, திருப்தி இல்லாத பதிலை ஏற்க மறுக்கவும் வேண்டும். ஏழு வருஷம் பெரிய காயம் இல்லாமல் ஓடிய ரிக் அது. அதைப் பாராட்ட உயரதிகாரிகள் அன்று அங்கேயே வந்திருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் இரண்டாம் முறை கேட்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ரிக் என்பது கட்டளைக்குக் கட்டுப்படும் இடம், ஆளாளுக்குக் கேள்வி கேட்டால் வேலை நடக்குமா? நியாயமான கேள்வி. கட்டுப்பாடு இல்லாத மேடை ஒரு நாள்கூட ஓடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தேகத்தைச் சொல்வது கீழ்ப்படியாமை ஆகாது. சொன்னபின் பொறுப்பாளர் பார்த்து, விளக்கி, தீர்மானிக்கிறார். அவருடைய அதிகாரம் அப்படியே இருக்கிறது. சொல்லப்படாத செய்தியை வைத்து எந்த அதிகாரியாலும் நல்ல தீர்மானம் எடுக்க முடியாது என்பதுதான் விஷயம். பைப்பர் ஆல்ஃபாவில் உத்தரவு வரும் என்று தங்குமிடத்தில் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் இனி உத்தரவு வராது என்று தாங்களே முடிவெடுத்து இறங்கியவர்கள், குதித்தவர்கள். கட்டளை என்பது அதைத் தருபவருக்குக் கண்ணும் காதும் இருக்கும் வரைதான் பயன்படும். அந்தக் கண்ணும் காதும் கீழே வேலை செய்கிறவர்களே.

இன்னொரு நுட்பமும் உண்டு. அவசரம் எப்போதும் லாபத்துக்காக மட்டும் வருவதில்லை. 2005 ஜூலை 27, மும்பை ஹை. உதவிக் கப்பலில் ஒரு சமையல்காரருக்கு விரலில் காயம். மழைக்காலக் கொந்தளிப்பு. அவரை மேடைக்கு மாற்றுவதற்காக நெருங்கிய கப்பல், மேடையின் வாயுக் குழாயில் மோதியது. தீப்பற்றி மேடையே அழிந்தது, 22 பேர் உயிரிழந்தார்கள். ஒருவர் வலியைப் போக்க எடுத்த முயற்சி அது. ஆகவே லாபவெறியை எதிர்க்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இரக்கம் அவசரப்படுத்தும்போதும் "இந்த அலையில் கிட்டே போக வேண்டாம்" என்று சொல்லத் தெரிய வேண்டும். அது இன்னும் கடினம், ஏனென்றால் சொல்பவர் அந்த நேரத்தில் கல்நெஞ்சக்காரர் போலத் தெரிவார்.

இரண்டாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். விபத்துக்குக் காரணம் நிர்வாகமும் தவறான வடிவமைப்பும் என்றிருக்க, பாரத்தை ஏன் தொழிலாளியின் குணத்தின் மேல் ஏற்றுகிறீர்கள்? ஏற்றக்கூடாது. கல்லன் 1990இல் தந்த 106 பரிந்துரைகளில் பெரும்பகுதி நிறுவனங்களையும் அரசையும் நோக்கியது. தொழிலாளர் தாங்களே தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிகளுக்குப் பிரிட்டன் 1989இலேயே விதி வகுத்திருந்தது. பேசுகிறவரைக் காக்கும் சட்டம் இல்லாத இடத்தில் "தைரியமாகப் பேசு" என்று இளைஞனுக்கு உபதேசம் செய்வது அநியாயம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அடுத்த மாத வேலையே மேற்பார்வையாளர் கையில் இருக்கிறது. ஆனால் சட்டம் கதவைத் திறந்துவைக்கும், உள்ளே நடந்து போவது மனிதர்தான். இன்று பெரும்பாலான ரிக்குகளில் எந்தக் கடைநிலைத் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம் என்ற உரிமை எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருப்பது வாயில் வருகிறதா என்பதே கேள்வி.

நம் பிள்ளைகளுக்கு அது எளிதாக வராது, இதை நாம் மறைக்க வேண்டாம். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கிறோம். வகுப்பில் சந்தேகம் கேட்டவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க விடுகிறோம். மரியாதையைக் கைவிடச் சொல்லவில்லை. "சார், மன்னிக்கணும், இந்த அழுத்தம் இறங்கவில்லையே" என்பது முழு மரியாதையோடு சொல்லக்கூடிய வாக்கியம். இங்கே பயிற்சி நிலையம் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். நீரில் கவிழ்க்கும் பயிற்சியோடு இன்னொன்றையும் சேருங்கள்: மாணவன் முன்னால் ஓர் ஆசிரியர் வேண்டுமென்றே தவறான கட்டளை கொடுக்கட்டும், அவன் நிறுத்துகிறானா என்று பாருங்கள். நிறுத்தாதவனைக் கரையிலேயே திரும்பத் திரும்பப் பழக்குங்கள். பெற்றோர்களே, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: என் பிள்ளை வேலையை நிறுத்தச் சொன்னால் உங்கள் மேடையில் யார் கேட்பார், அதைச் சொன்னதற்காக அவன் வேலை போகாது என்று எந்த ஆவணத்தில் எழுதியிருக்கிறது? பதில் மழுப்பலாக வந்தால், வேறு நிறுவனத்தைத் தேடச் சொல்லுங்கள்.