புளி போட்டுத் தேய்க்காதீங்க!

கையில இருக்கிற போனை ரெண்டு நிமிஷம் கீழே வைங்க. கடைசியில அதுக்கு ஒரு வேலை இருக்கு.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுறோம். ஒரு மண்கலயம், உள்ளே பச்சை படிஞ்ச காசுகள். நாம முதல்ல செய்யறது என்ன? புளி போட்டுத் தேய்க்கிறது. அங்கதான் தப்பு நடக்குது.

காசுல என்ன உலோகம் எவ்வளவு இருக்குன்னு இப்போ லேசரை வச்சே பார்க்கலாம். உருக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். லேசர் பட்டதும் கண்ணுக்கே தெரியாத அளவு உலோகம் ஆவியாகி ஒளிரும். மத்தாப்புல பேரியம் பச்சையா எரியுது, ஸ்ட்ரான்சியம் சிவப்பா எரியுது இல்லையா? அதே சங்கதிதான். வெள்ளிக்கு 328 நானோமீட்டர்ல ஒரு ஒளிக்கோடு, செம்புக்கு 325-லயும் 327-லயும். ஒரு காசுக்கே இப்படி நூற்றுக்கணக்கான கோடுகள் வரும். அதனால, கலவை தெரிஞ்ச உலோகத் துண்டுகளைக் காட்டிக் கணினியைப் பழக்குறாங்க. இதுதான் மெஷின் லேர்னிங். அப்புறம் தெரியாத காசைக் காட்டினா, அது அளவைக் கணிச்சுச் சொல்லும்.

ஆனா லேசர் பட்ட இடம்தான் கணினிக்குத் தெரியும். செம்பு கலந்த வெள்ளிக்காசு மண்ணுக்குள்ள கிடந்தா, மேல்தோல்ல இருக்கிற செம்பு அரிச்சுப்போய் வெள்ளி மிஞ்சும். சுமாரான காசுகூட உசத்தியாத் தெரியும். அதனால ஒரே இடத்துல பலமுறை லேசரைச் செலுத்தி ஆழத்துக்குப் போறாங்க. புளியில இருக்கிற அமிலமும் மேல் செம்பைத்தான் கரைக்கும். பளபளப்பு நமக்கு, குழப்பம் ஆய்வாளருக்கு!

கோவை வட்டாரத்துல கிடைச்ச ரோமானிய வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். கி.பி. 64 வாக்குல நீரோ வெள்ளியைக் குறைக்கிறதுக்கு முந்தி அடிச்சவை. நம்ம ஊர் வியாபாரி எந்தக் காசை வாங்கினார்ங்கிற கேள்விக்கு, உள்ளே இருக்கிற வெள்ளிதான் சாட்சி.

புதையல் கிடைச்சா கலெக்டருக்குத் தெரிவிக்கணும்னு 1878-ஆம் வருஷச் சட்டம் சொல்லுது. 10 ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே போதும் (அந்தக் காலத்து 10 ரூபாய், இன்னும் அப்படியேதான் இருக்கு). மறைச்சா உங்க பங்கும் போகும், ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. அரசு எடுத்துக்கிட்டா, உலோக மதிப்போட அதுல அஞ்சுல ஒரு பங்கு சேர்த்துத் தரச் சட்டத்துல இடம் இருக்கு.

இப்போ போனை எடுங்க. காசு கிடந்த இடத்தைக் கலயத்தோட படம் பிடிங்க. மண்ணைத் தட்டாம, துடைக்காம, காகிதத்துல பொதிஞ்சு வைங்க. உங்க வி.ஏ.ஓ. கிட்டயோ தாசில்தார் ஆபீஸ்லயோ சொல்லி, கலெக்டர் ஆபீஸுக்கு எழுத்துல கொடுங்க. புளியை ரசத்துக்கு வச்சுக்கோங்க.