தொட்டிலுக்கும் சட்டம் உண்டு

(மலைநாட்டுத் தோட்டமொன்றில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஓய்வு நாளன்று. துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் கிடைக்கும் ஒரே நாள். அந்நாளில் எமக்காக இரண்டு மணித்தியாலங்களை ஒதுக்கி வந்திருக்கின்றீர்கள். ஆகவே, வாழ்த்துரையில் பொழுது போக்காது விடயத்துக்கு வருகின்றோம். ஐந்து வயது நிரம்பாத உங்கள் குழந்தைகளைப் பற்றியே பேச வந்தோம்.

"அரசியல்காரருக்குப் பிள்ளைக் காம்பராவில் என்ன வேலை?" என்று வரும் வழியில் அன்பரொருவர் எம்மைக் கேட்டார். நல்ல கேள்வி. 1948ஆம் ஆண்டில் இம்மக்களின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. எஞ்சியோருக்கும் அது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கிடைத்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் போராடிப் பெற்ற உரிமையை ஏந்த வேண்டிய கைகளுக்கு வலுவுண்டா என்று பார்ப்பதும் அரசியலேயாகும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு கூறுவதைக் கேளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3 பேர், தோட்டங்களிலோ 31.7 பேர். இதனைத் தலைவிதி என்போர் உளர். குளிரின் குற்றம் என்போரும் உளர். அதே குளிரில், அதே மலையில், பங்களாவிலே வளரும் குழந்தை இவ்வாறு குன்றக் காணோம்!

ஐந்து வயதுக்குள் மனித மூளை, வளர்ந்தோர் மூளையின் பருமனில் ஏறக்குறைய 90 வீதத்தை எட்டிவிடுகின்றது என்பர் வைத்தியர். ஆனால் எமது நாட்டில் கட்டாயக் கல்விச் சட்டமோ ஐந்தாவது வயதிலேதான் கண் விழிக்கின்றது. 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி உண்டு எனப் பெருமை பேசுகின்றோம், பெருமைக்குரியதே. எனினும் முன்பள்ளிக்கு அப்பெருமையிற் பங்கில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்துக்குப் பின் முன்பள்ளி மாகாண சபைகளின் பொறுப்பாயிற்று. தோட்டத்துக் காம்பராக்களோ, 1992ஆம் ஆண்டில் நிர்வாகத்தை ஏற்ற கம்பெனிகளிடமும் அவற்றோடு இயங்கும் மனிதவள அபிவிருத்தி நிதியத்திடமும் உள்ளன. பொறுப்பாளர் பலர்; கேள்வி கேட்டால் ஒருவர் மற்றவரைச் சுட்டுகின்றார்.

ஆசிரியைகளின் நிலையையும் சொல்லாமல் விடலாகாது. நகரத்தில் ஆயிரக் கணக்கில் நன்கொடை வாங்கும் நேசரிகள் உண்டு. வன்னியில் 2009ஆம் ஆண்டுப் போர் முடிந்தபின், பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் முன்பள்ளி ஆசிரியைகளை அமர்த்தி, மாகாணத்தின் ஆசிரியை பெற்றதிலும் பன்மடங்கு சம்பளம் கொடுத்தது. மழலைக்கு அரிச்சுவடி சொல்லப் பாதுகாப்பு அமைச்சிடம் பணமிருந்தது; கல்விக்கென அமைந்த சபையிடம் இல்லை! இதற்கு மேல் அதனை விளக்கத் தேவையில்லை.

இனி, உங்கள் காம்பராவுக்கு வருவோம். நாம் சென்று பார்த்தோம். சுவர் வெள்ளையடிக்கப்பட்டிருந்தது, தொட்டில்கள் துப்புரவாயிருந்தன. ஆயா அன்புள்ளவர், ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்ப்பவர் என்ற பேச்சுக்கு அவரே பொருத்தமானவர். ஆனால் கைக்குழந்தையும் நாலு வயதுப் பிள்ளையும் அவர் ஒருவர் கையில். ஒன்று அழுதால் மற்றவை சும்மா இருக்க வேண்டும். பேச்சுப் பழகும் வயதிலுள்ள பிள்ளைக்குப் பேச்சுக் கொடுக்க ஆளில்லை. தரம் என்பது சுவரிலே பூசிய சுண்ணாம்பன்று. பிள்ளையோடு முகம் பார்த்துப் பேசும் நேரம்.

அங்கு நிறை பதியும் அட்டைகளையும் பார்த்தோம். ஒரு குழந்தையின் கோடு நான்கு மாதமாய்க் கீழிறங்கியிருந்தது. தாயாரை அழைத்துக் கேட்டோம். அட்டையை அவர் பத்திரமாக வைத்திருந்தார். கோடு எதைக் குறிக்கின்றதென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. பெற்றோர் கூட்டம் நடந்ததே என்றோம். நடந்ததாம், வேலைநாளில், காலை பத்து மணிக்கு! மலையை விட்டு வந்தால் அரைப் பேர். அரைப் பேரைக் கொடுத்துக் கூட்டத்துக்கு வா என்பது, வராதே என்பதற்குச் சமமன்றோ? பின்னர், "இத்தாய்மாருக்கு அக்கறையில்லை" என்று அறிக்கை எழுதுகின்றனர்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாந்தி என்னும் ஊரில், 1962 முதல் 1967 வரை வறிய கறுப்பினக் குழந்தைகள் 123 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினர். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு முன்பள்ளிக் கல்வி அளிக்கப்பட்டது. அங்கே ஆசிரியை வாரந்தோறும் வீட்டுக்கே சென்று தாயோடு அமர்ந்து பேசினார். அப்பிள்ளைகள் பெரியவர்களாகியும் மற்றவரினும் கல்வியிலும் வருவாயிலும் முன்நின்றனர். தாயைத் தேடிப் பள்ளி போனது. இங்கே தாயைப் பள்ளி மலையிலிருந்து இறக்கப் பார்க்கின்றது.

சட்டம் உங்களுக்கு என்ன தந்திருக்கின்றது? 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தை, பிற்காலத் திருத்தங்களோடு, கையில் வைத்திருக்கின்றோம். விதித்த தொகைக்கு மேற்பட்ட பெண்களை வேலைக்கமர்த்துவோர், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காம்பரா அமைத்தல் வேண்டும். அது கம்பெனியின் தருமமன்று, கடமை. ஒரு வயதாகாத பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு இடைவேளை உண்டு. காம்பரா இருப்பின் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையாது. இல்லையேல் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. சாப்பாட்டு நேரம் இதில் அடங்காது. மேல்மலையிலிருந்து காம்பராவுக்கு இறங்கவே அரைமணி பிடிக்கும் என்கின்றீர்கள். அப்படியாயின் அந்த இடைவேளை ஏட்டில் மாத்திரமே உள்ளது. பாலூட்டும் தாய்மாருக்குக் காம்பராவை அடுத்த மலையில் வேலை கொடுங்கள் என்று கேட்போம். சலுகை கேட்கவில்லை, எழுதிய சட்டம் நடைமுறைக்கு வரும் வழியைக் கேட்கின்றோம்.

ஆண்மக்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வளர்ப்பு பெண்ணின் வேலை என்று திண்ணையில் அமர்ந்திருப்பவர், மாலையில் அரைமணி பிள்ளையை மடியிலிருத்திக் கதை சொன்னால் எந்தக் கம்பெனியும் தடுக்காது. அப்பத்தாமார் சொல்லும் கதைகளுக்கு மேலான பாடப்புத்தகம் இப்பருவத்துக்கு இல்லை.

தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம் இதோ இருக்கின்றது. மூன்று கோரிக்கைகள்: இரண்டாவது ஆயா, பாலூட்டும் தாய்மாருக்கு அண்மை மலை, பேர் குறையாத நேரத்திற் பெற்றோர் கூட்டமும், அக்குழுவில் நீங்களே தெரிந்தெடுக்கும் இரு தாய்மாரும். இப்பொழுது இதை இருமுறை வாசிப்போம். புரியாத சொல் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். அதன்பின் கையொப்பமிடுவோர் முன்வரலாம். அட்டை கொண்டுவந்தவர்கள் மருத்துவ மாது இருக்கும் மேசைக்குச் செல்லலாம், கோட்டை அவர் விளக்குவார்.