ஔடத தானமும் அபய தானமும்



ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் இல்லறத்தார்க்குரிய கடமையாக வகுத்தது அருக நெறி. தமிழில் அறநூல் செய்த சமணச் சான்றோர் மருந்தின் அருமையை நன்குணர்ந்தவர்கள். ஐந்து வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயரைத் தம் நூலுக்குச் சூட்டிச் சிறுபஞ்சமூலம் என்றார் காரியாசான். ஏலம் முதலிய ஆறு பொருள்கள் கூடிய மருந்தின் பெயரால் ஏலாதி என்றார் கணிமேதாவியார். உடற்பிணிக்கு மருந்து எவ்வாறோ, உயிர்ப்பிணிக்கு அறம் அவ்வாறு என்பது அவர்தம் கொள்கை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகக் காண்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அவை. இக்காலத்தில் ஐந்தாமவர் ஒருவரும் வந்து சேர்ந்துள்ளார். செலவை ஏற்பவரே அவர். மற்ற நால்வரும் ஆயத்தமாக இருந்தாலும் இந்த ஐந்தாமவர் இல்லையேல் மருத்துவமனையின் கதவு திறப்பதில்லை.

அந்த ஐந்தாமவர் யாராக இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்குக் கனடாவும் அமெரிக்காவும் வெவ்வேறு விடை கண்டன. இரண்டும் அண்டை நாடுகள், செல்வம் மிக்கவை, மருத்துவக் கல்வியில் ஒத்த தரமுடையவை. தமிழ்ச் சமணக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அங்கே பணிபுரிந்து வருதலின், அந்நாடுகளின் நடைமுறை இவ்வவைக்கு அயலானதன்று.

கனடா கண்ட விடை ஒரு சிறுவனின் காலில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் 1904இல் பிறந்து, பெற்றோருடன் கனடாவின் வின்னிபெக் நகரில் குடியேறியவர் டாமி டக்ளஸ். இளமையில் அவருடைய கால் எலும்பைக் கடுமையான தொற்று பற்றியது. சிறந்த மருத்துவரை நாடப் பெற்றோரிடம் பொருள் இல்லை. காலை வெட்டி நீக்க வேண்டிய நிலை நேர்ந்தது. அறுவை மருத்துவர் ஒருவர், தம் மாணவர்கள் உடனிருந்து கற்கலாம் என்னும் இசைவின்பேரில், கட்டணமின்றி மருத்துவம் செய்து காலைக் காத்தார்.

அது போற்றத்தக்க ஔடத தானமே. ஆயினும் டக்ளஸின் உள்ளத்தில் நன்றியுடன் ஒரு வினாவும் வளர்ந்தது. அம்மருத்துவரின் கண்ணில் படாத ஏழைச் சிறுவர்களின் கால்கள் என்னவாயின? தற்செயலாக வாய்க்கும் இரக்கத்தை நம்பி ஒரு குழந்தையின் உடல்நலம் இருக்கலாமா? கிறித்தவ சமயப் போதகராகப் பணியாற்றிப் பின்னர் அரசியலில் புகுந்த அவர், 1944இல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் முதல்வரானார். 1947இல் அம்மாகாண மக்கள் அனைவர்க்கும் மருத்துவமனைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அவரைத் தொடர்ந்து முதல்வரான உட்ரோ லாயிட் காலத்தில், 1962 ஜூலை முதல் நாள் மருத்துவர் கட்டணமும் காப்பீட்டினுள் கொண்டுவரப்பட்டது. மருத்துவர்கள் எதிர்த்து 23 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இறுதியில் உடன்பாடு ஏற்பட்டது. நடுவண் அரசு 1966இல் இயற்றிய சட்டத்தின்வழி, சில ஆண்டுகளில் இம்முறை நாடு முழுதும் பரவிற்று. இன்றியமையாத மருத்துவத்திற்கு நோயாளியிடம் தனிக்கட்டணம் வாங்குவதை 1984ஆம் ஆண்டுக் கனடா நலச் சட்டம் தடுத்தது.

அங்கே மருத்துவர் அனைவரும் அரசு ஊழியர் என்பது பலர் கொண்டுள்ள தவறான எண்ணம். பெரும்பாலோர் சொந்தமாகத் தொழில் நடத்துபவர்களே. அவர்கள் கட்டணத்தை நோயாளியிடம் கேளாமல் மாகாண அரசிடம் பெறுகின்றனர். மருத்துவர் தனியார், செலவை ஏற்பவர் பொதுமக்களின் வரிப்பணம்.

அமெரிக்கா சென்ற வழி வேறு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஊதிய உயர்வுக்கு அரசு வரம்பு விதித்தது. ஆள் தேவைப்பட்ட நிறுவனங்கள் ஊதியத்துக்கு ஈடாக மருத்துவக் காப்பீட்டை அளித்தன. இவ்வாறு காப்பீடு வேலையோடு பிணைந்தது. அனைவர்க்குமான திட்டத்தை அதிபர் ட்ரூமன் 1945இல் முன்மொழிந்தார்; மருத்துவர் சங்கத்தின் கடும் எதிர்ப்பினால் அது நிறைவேறவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1965இல், முதியோர்க்கு மெடிகேர், வறியோர்க்கு மெடிகெய்ட் என்னும் திட்டங்களை அதிபர் ஜான்சன் சட்டமாக்கினார். 2010ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் பலரைக் காப்பீட்டினுள் கொணர்ந்தது. இருந்தும், 2023இல் ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் பேர் காப்பீடின்றி இருந்தனர். வேலை போனால் காப்பீடும் போகலாம். காப்பீடு இருப்பினும் முதற்செலவைத் தாமே ஏற்றாக வேண்டும்.

இவ்வேறுபாட்டை இன்சுலின் வரலாறு தெளிவாகக் காட்டும். 1921இல் டொரான்டோவில் அம்மருந்தைக் கண்டறிந்தோர், காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அவ்வாய்வில் விலங்குயிர்கள் துன்புற்றமை அருக நெறியினர் நெஞ்சை உறுத்துவதே. எனினும் கண்டறிந்தது எல்லார்க்கும் பயன்பட வேண்டும் என்னும் அவர்களது கருத்து தானத்தின் தன்மையுடையது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2019இல், அமெரிக்க நோயாளிகள் குழுவாக வண்டியேறி எல்லை கடந்து கனடா சென்று அதே மருந்தை வாங்கினர். அங்கே விலை பத்தில் ஒரு பங்களவே. மெடிகேர் திட்டத்திலுள்ள முதியோர்க்கு இன்சுலின் செலவு மாதம் 35 டாலருக்கு மிகாது என்னும் வரம்பு, 2022இல் இயற்றிய சட்டத்தால்தான் வந்தது.

கனடாவின் முறையில் குறை இல்லையா எனின், உண்டு, அவை சிறியனவுமல்ல. இடுப்பு மூட்டு அறுவைக்கு 26 வாரங்கள் என வரையறுத்த காலத்தையும் கடந்து காத்திருப்போர் பலர். நிலையான குடும்ப மருத்துவர் கிடைக்காதோர் பல இலட்சம். மருத்துவமனைக்கு வெளியே வாங்கும் மருந்துக்கு அனைவர்க்குமான நாடளாவிய காப்பீடு இன்னும் முழுமை பெறவில்லை. காத்திருப்பும் துன்பமே என்பதை 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே கியூபெக் வழக்கொன்றில் எடுத்துரைத்தது. அமெரிக்காவிலோ, நல்ல காப்பீடு உடையவர்க்கு உயரிய மருத்துவம் விரைவில் கிட்டுகிறது. அரிய நோய்களுக்கான ஆராய்ச்சியில் அந்நாடு முன்னிற்கிறது.

இரண்டையும் துலையில் இட்டுப் பார்ப்போர் ஓர் உண்மையைக் காண்பர். அமெரிக்கா தன் நாட்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை மருத்துவத்திற்குச் செலவிடுகிறது. கனடா ஏறத்தாழ 12 விழுக்காடு. ஆயினும் கனடியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ மூன்றாண்டு மிகுதி. உணவு, போதைப்பொருள், துப்பாக்கி எனப் பிற காரணங்களும் அதில் உண்டு; மருத்துவ முறை ஒன்றே காரணம் என்றல் பொருந்தாது. ஆனால் மிகுந்த செலவு மட்டுமே அனைவர்க்கும் நலம் தராது என்பது உறுதி.

இவ்விடத்தில் நால்வகைத் தானங்களுள் இறுதியான அபயம் நினைவுக்குரியது. நோயாளிக்கு அச்சம் இரண்டு. நோய் என் செய்யுமோ என்பது ஒன்று. செலவு என் செய்யுமோ என்பது மற்றொன்று. முதல் அச்சத்தை மருத்துவர் தணிக்கலாம். இரண்டாவது அச்சத்தால் மருத்துவரிடமே வாராதிருப்பவரை யார் தேற்றுவது? அமெரிக்காவில் கொடையாளர்க்குக் குறைவில்லை. அறக்கொடையால் எழுந்த மருத்துவமனைகள் ஏராளம். அங்கே ஔடத தானம் உண்டு. அபயம் எல்லார்க்கும் இல்லை. கனடாவில் மருந்தும் மருத்துவமும் சில வேளை தாழ்ந்து வரினும், மருத்துவமனைச் செலவால் வீடு போய்விடும் என்னும் அச்சம் பெரிதும் நீங்கிற்று. கொடுப்பவர் இன்னார், பெறுபவர் இன்னார் என்று தெரியாதபடி ஒரு நாடே கூடிச் செய்யும் தானம் அது. பெறுபவர் தலைகுனிய வேண்டியதில்லை.

தமிழகத்திற்கு இதனால் பெறும் பாடம் யாது? இங்கே அரசு மருத்துவமனைகள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. எனினும் வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் வேளாண்மையை நம்பி வாழும் சமணக் குடும்பங்களுள், தகுதி இருந்தும் காப்பீட்டு அட்டை பெறாதோர் இருக்கக்கூடும். மான உணர்வால் உதவி கேளாதோரும் இருக்கக்கூடும். விழா நாள்களில் நடத்தும் மருத்துவ முகாம் நற்செயலே. ஆனால் முகாம், வந்தவரை மட்டுமே காணும். வாராதவரை வீடு தேடிக் காண்பது அதனினும் பெரிய பணி.

அறக்கட்டளைகள் ஊர்தோறும் கணக்கெடுத்து, தகுதியுடைய ஒவ்வொரு குடும்பத்தையும் அரசுத் திட்டத்தில் சேர்க்கலாம். விண்ணப்பம் எழுதவும் சான்றிதழ் பெறவும் படித்த இளைஞர்கள் துணை நிற்கலாம். அரசின் பொருள் எட்டாத இடங்களுக்கே கொடையாளரின் பொருளைப் பயன்படுத்தலாம். பயணச்செலவு, உடனிருப்போர்க்குத் தங்குமிடமும் சமண முறைப்படி உணவும், மாதந்தோறும் வாங்கும் மாத்திரை, முதியோர்க்கு மூக்குக்கண்ணாடி என்பன அத்தகையவை.

மருந்து கொடுப்பது ஔடத தானம். மருந்து கிடைக்குமோ என்று ஒருவரும் அஞ்சாதபடி செய்வது அபய தானம். இரண்டும் ஓரிடத்தில் கூடும்போதே மருத்துவம் அறமாகிறது. எவ்வுயிரும் அச்சம் நீங்கி வாழ்க!